இருவர் பெயரில் ஓர் ஆட்சேபணை

பிரைண்டூ பண்ணை, ஹெரெஃபோர்ட்ஷயர்
8 பிப்ரவரி 2018

அன்புள்ள ஜுடித் அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் முழங்கால் படகுப் படியில் ஏறி இறங்க விடுகிறதா? ஓர்க்னியில் காற்று எப்படி என்று கேட்க மாட்டேன். அது எப்போதும் ஒரே மாதிரிதான் என்று நீயே எழுதியிருக்கிறாய். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய விஸ்கிக்கு எல்வின் மறுபடியும் நன்றி சொல்லச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக ருசித்துக் குடிக்கிறார்.

இன்று போனில் பேசியிருந்தால் உன் காது கிழிந்திருக்கும். அம்மாவின் சாவுக்குப் பிறகு இனி போன் வேண்டாம், கடிதம் மட்டும்தான் என்று நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் முதல்முறையாக எனக்குப் பயன்படுகிறது. எழுதினால் கை வலித்தாவது நிறுத்துவேன்.

பக்கத்துப் பண்ணையில் டிலிஸ் வீட்டு கேட்டில் ஒரு நீலத் தாள் தொங்குகிறது. மதுவுக்கும் இசைக்கும் லைசென்ஸ் கேட்பவர்கள் இருபத்தெட்டு நாள் வாசலில் கட்டிவைக்க வேண்டிய நோட்டீஸ். மழை படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஹாலிப் புதர் பாதியை மறைக்கும் இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறாள். வழிதவறிய ஆட்டைத் தேடி அந்தப் பக்கம் போகாவிட்டால் என் கண்ணில் பட்டே இருக்காது. அவளுடைய பெரிய கொட்டகையில் கல்யாணங்களும் விருந்துகளும் நடக்குமாம். வெள்ளி, சனி இரவு ஒரு மணிவரை பார். ஒலிபெருக்கி. எங்கள் சமையலறைக் கதவிலிருந்து அந்தக் கொட்டகைக்கு எத்தனை அடி என்று சின்ன வயதில் நீதான் எண்ணினாய். நானூற்றுப் பன்னிரண்டு.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாளியோடு வந்தாள்.

"என்னடி இது?" என்றேன்.

"படிச்சுட்டியே. அதேதான்."

"மாட்டுக் கொட்டகையில பாரா?"

"மாடு இருந்தா நான் ஏன் இதுக்குப் போறேன்? லாரியில ஏத்தினப்போ நீயும்தானே நின்னு பாத்த? ஹியூவும் போயிட்டான். அந்தக் கூரைக்குக் கீழ நான் ஒருத்தி உக்காந்து என்ன பண்ண?"

"புதருக்குப் பின்னால ஏன் கட்டின?"

"கயிறு அந்தக் கம்பத்துக்குத்தான் எட்டுச்சு. மூஞ்சியத் தூக்காத ஹெஸ்டர். ஆடறதுன்னா பள்ளிக்கூடத்துலயே உனக்குத்தான் முதல்ல கால் அரிக்கும். எல்வினையும் கூட்டிட்டு வா. திறக்கற அன்னைக்கு முதல் கிளாஸ் அவருக்கு என் கையால ஊத்தறேன்."

நான் திரும்பிவிட்டேன். ஆட்டைத் தேடவும் மறந்துவிட்டேன். இதை நான் விடப்போவதில்லை, அக்கா. காலைக் குளிரில் வெளியே நிற்காதே.

உன் அன்பு
எல்வினும் ஹெஸ்டரும்


அதே நாள். உறையில் போடாதது

அக்கா,

மேலே எழுதியதில் ஒரு வரி பொய்.

எல்வின் உன் விஸ்கியை ருசிக்கவில்லை. எந்த விஸ்கியையும் தொட்டு ஆறு வருடங்கள் தாண்டிவிட்டன. 2011 நவம்பரில் பிக்கப் வண்டி ஓடையில் கவிழ்ந்தது ஐஸ் வழுக்கி அல்ல. ஊரில் அப்படிச் சொன்னோம், உனக்கும் அப்படித்தான் எழுதினேன். அன்றோடு அவர் நிறுத்தினார். பப்புக்கு ஏன் வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு பிரஷர் மாத்திரை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு டிசம்பரும் தபால்காரியின் வேனுக்காகச் சந்து முனையில் நிற்கிறேன். உன் பார்சலை அவர் கண்ணில் படாமல் பால் அறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றி, பத்து நிமிடம் தண்ணீர் திறந்துவிடுகிறேன். பிறகு அவர் பெயரையும் சேர்த்து நன்றி அட்டை எழுதுகிறேன். ஏழு பாட்டில்கள். அவர் வெளியே போய் வரும்போதெல்லாம் வாசலிலேயே கன்னத்தில் ஒரு முத்தம். வாசனை பார்க்கத்தான். முத்தம் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

அருகில் இருக்கும் மதுக்கடை ஏழு மைல். இனி நானூற்றுப் பன்னிரண்டு அடி.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் "இவன் சிரிக்கிறதைவிட அதிகமாக் குடிக்கிறான், பாத்துக்கோ" என்று சொன்னவள் நீ. நீ சொன்னதே நடந்தது என்று உனக்கு எழுத என் கை வராது. இதோ, வந்திருக்கிறது. உறைவரை வராது.


ஓர்க்னி
17 பிப்ரவரி

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

முழங்காலும் நானும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்கிறோம். மூன்று நாள் படகு இல்லாததால் உன் கடிதம் தாமதமாக வந்தது. உன் தோள்வலி என்ன ஆனது? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

உன் கோபம் எனக்குப் புரியவில்லை. நீ கிராமக் கூடத்தில் மேசைமேல் ஏறி ஆடி அதன் காலை உடைத்தவள். பாதிரியாருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்தவள் நான். அப்படிப்பட்டவளுக்கு இப்போது பாட்டு ஆகாதா? டிலிஸ் கெட்டிக்காரியும் அல்ல, கெட்டவளும் அல்ல. கணவன் ஹியூ இல்லை, மாடு இல்லை, கொட்டகை இருக்கிறது. ஒரு மணிவரை என்பது அதிகம்தான். பதினொன்று என்று பேசி முடித்துவிடு.

ஒன்று கேட்கிறேன். எல்வின் இதற்கு என்ன சொல்கிறார்? அத்தனை பக்கங்களில் உன் வார்த்தையில் அவர் ஒரே ஒரு இடத்தில் வருகிறார், விஸ்கி குடிப்பதற்கு.

இந்தக் கிறிஸ்துமஸுக்காவது நான் வரட்டுமா? பிப்ரவரியிலேயே கேட்டுவைக்கிறேன். கூரை ஒழுகுவதாக இருந்தால் சரிசெய்ய உனக்குப் பத்து மாதம் இருக்கிறது.

அன்புடன்
ஜுடித்


பிரைண்டூ
27 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் பரவாயில்லை. உனக்கு அங்கே பனி எப்படி? இங்கே வயலும் சாலையும் ஒன்றாகிவிட்டன. முதல் குட்டிகள் இந்தக் குளிரில்தான் விழுகின்றன. எல்வின் ஆட்டுக் கொட்டிலிலேயே சாப்பிட்டு அங்கேயே படுக்கிறார். அவரிடம் இதையெல்லாம் போட்டுக் குழப்ப நேரமில்லை. அதனால் அவர் என்ன சொல்கிறார் என்ற உன் கேள்விக்குப் பதில், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்சேபணை எழுதுவது பற்றிக் கேட்கக் கவுன்சிலுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"நாலு காரணம்தான் செல்லும் மேடம். குற்றம், மக்கள் பாதுகாப்பு, தொல்லை, குழந்தைகளுக்குக் கெடுதல். உங்களோடது எதுல வருது?"

"ஒருத்தரோட உடம்புக்கு ஆகாதுன்னா?"

"யாரோட உடம்புக்கு?"

"பொதுவாக் கேட்டேன்."

"பொதுவாச் சொல்றேன், அது நாலுலயும் வராது. இன்னொண்ணு, எழுதறவங்க பேரும் விலாசமும் எல்லாரும் படிக்கிற மாதிரி அறிக்கையில வரும். பரவாயில்லையா?"

ஒருவரின் நிம்மதியை நாலு பெட்டியில் ஒன்றில் மடித்துப் போடச் சொல்கிறார்கள். போனை வைத்துவிட்டு அடுப்பை அரை மணி நேரம் தேய்த்தேன்.

வியாழக்கிழமை லேசி வீட்டில் கூடினோம். மூன்று வருடம் முன்பு லண்டனிலிருந்து வந்த பல் டாக்டர், மேல்சந்தில் இருக்கிறார். ஐந்து வீட்டுக்காரர்கள் வந்திருந்தோம். டிலிஸின் கொட்டகை உத்தரத்தில் கூகை கூடு கட்டியிருக்கிறது என்று நான் சொன்னதும் லேசியின் முகம் மலர்ந்துவிட்டது.

"கூகையா? அருமை மிஸஸ் ப்ரீஸ். மனுஷனுக்கு இரக்கப்படாதவங்க பறவைக்கு இரக்கப்படுவாங்க. தொல்லைன்னு தலைப்பு போட்டு அதுக்குக் கீழ சேத்துடுங்க."

எழுதினேன். கூகை, ஈற்று ஆடுகள், ஒற்றைச் சந்தில் எதிரெதிரே வரும் கார்கள். இரண்டு பக்கம். வழக்கம்போல இருவர் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டேன். நல்ல ஆங்கிலம் என்று லேசி பாராட்டினார். என் ஊரில் என் மொழிக்கு எனக்குச் சான்றிதழ்.

கிறிஸ்துமஸ் பற்றி இப்போதே என்ன சொல்ல? பார்க்கலாம்.

உன்
எல்வினும் ஹெஸ்டரும்


ஓர்க்னி
8 மார்ச்

ஹெஸ்டர்,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் நீ இல்லை. அந்தப் பல் டாக்டர்தான் இருக்கிறார்.

அந்தக் கூகைகளை எனக்குத் தெரியும். அறுவடை விருந்தில் முப்பது பேர் கீழே குதித்துக்கொண்டிருக்கும்போது மேலே உட்கார்ந்து எலி தின்றவை அவை. உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறாய்.

எதையோ மூடி மறைக்கிறாய். ஏழு கிறிஸ்துமஸாக மறைக்கிறாய். நான் வரட்டுமா என்று கேட்டால், முதல் வருடம் ஃப்ளூ. அடுத்தது கூரை. அதற்கடுத்தது எல்வினின் அத்தை வருகிறாள் என்று, அந்த அத்தை இறந்து அப்போதே நாலு வருடம் ஆனதை நீ மறந்துவிட்டாய். நான் பிறந்த வீடு அது. என்ன தவறு செய்தேன் என்று தெரியாமல் ஒவ்வொரு டிசம்பரும் நல்லதாகப் பார்த்து ஒரு பாட்டில் வாங்கி, துணி சுற்றி, தபாலில் போட்டுவிட்டு, இந்தத் தீவில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

"பார்க்கலாம்" என்று இன்னொரு முறை எனக்கு எழுதாதே.

ஜுடித்


பிரைண்டூ
16 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். அதை விடு. இங்கே நடப்பதைக் கேள்.

எல்லாரும் கழன்றுகொண்டார்கள். டிலிஸ் வீடு வீடாகப் போயிருக்கிறாள். ஒரு மணியைப் பதினொன்றாக்கினாள். ஒலிபெருக்கி வெளியே கிடையாது என்றாள். சந்துக்கு விளக்கு போடுவதாகச் சொன்னாள். ஒவ்வொருவராகக் கவுன்சிலுக்கு எழுதி ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். லேசி கடைசி. அவருடைய மகளுக்கு ஆகஸ்டில் கல்யாணம். எங்கே என்று நீயே சொல்லிக்கொள். கூகையைப் பற்றிக் கேட்டேன். "பறவைங்க பழகிக்கும் மிஸஸ் ப்ரீஸ்" என்றார்.

நேற்று டிலிஸ் என் முற்றத்துக்கே வந்தாள். நான் பால் குடிக்காத குட்டி ஒன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கவிழ்த்த வாளியில் கேட்காமலே உட்கார்ந்தாள்.

"எல்லாரும் என்ன வேணும்னு சொன்னாங்க, குடுத்துட்டேன். உனக்கு என்ன வேணும்?"

"நீ மூடணும்."

"இன்னும் திறக்கவே இல்லடி. திறக்கறதுக்கு முன்னாடி எப்படி மூடறது?"

"சிரிக்காத."

"சரி, சிரிக்கல. என்ன பயம் உனக்கு? சத்தமா? காரா? கூகைன்னு மட்டும் சொல்லாத, உன் மூஞ்சியில எறிஞ்சிருவேன் இந்த வாளிய."

சொல்லியிருக்கலாம். அவளும் நானும் ஆறு வயதிலிருந்து ஒரே பஸ்ஸில் போனவர்கள். வாய் வரைக்கும் வந்தது. எல்வின் கொட்டில் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், கையெல்லாம் ஈற்று இரத்தம்.

"ஏப்ரல் மூணாந்தேதி கவுன்சில் விசாரணையில சொல்றேன்" என்றேன்.

"சொல்லு. நானும் கேட்டுக்கறேன், ஊரோட சேந்து" என்று எழுந்து போனாள். போகும்போது எல்வினுக்குக் கையசைத்தாள். அவரும் அசைத்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

எழுது, அக்கா. திட்டியாவது எழுது.

எல்வினும் ஹெஸ்டரும்


பிரைண்டூ
24 மார்ச்

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீயும் எட்டு நாளாக எழுதவில்லை.

விசாரணைக்கான அறிக்கை இன்று தபாலில் வந்தது. முப்பத்தொரு பக்கம். டிலிஸுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, கவுன்சில் இணையத்தில் ஊருக்கே ஒன்று. என் கடிதம் பதினெட்டாம் பக்கம். இருபதாம் பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"மதிப்பிற்குரியவர்களுக்கு, திருமதி டிலிஸ் கிவில்லியம் அவர்களின் விண்ணப்பத்துக்கு எதிரான கடிதத்தில் என் பெயர் இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் அட்டை முதல் கால்நடை மருத்துவருக்கான சீட்டு வரை என் மனைவிதான் இருவர் பெயரையும் போடுவார். அதில் எனக்குக் குறை இல்லை. இதிலிருந்து மட்டும் என் பெயரை எடுத்துவிடுங்கள். கூகைகள் உண்டு. ஆனால் என் மனைவி பயப்படுவது கூகைகளுக்காக அல்ல, எனக்காக. நான் குடிகாரன். ஆறு வருடம் நான்கு மாதமாகக் குடிக்கவில்லை. குடிக்க வேண்டுமென்றால் ஏழு மைலில் கடை இருக்கிறது. எனக்கு வழி தெரியும். அடுத்தவர் கொட்டகையை மூடினால் என் வாய் மூடாது. அதை நான்தான் மூட வேண்டும். எல்வின் ப்ரீஸ்."

ஆமாம், அக்கா. உண்மைதான். ஒவ்வொரு வரியும். கல்யாண வாரத்திலேயே நீ சொன்னாய், சொன்னது நடந்தது, இப்போது திருப்திதானா?

ஆட்சேபணை கிடைத்தது என்று அவர் பெயருக்கு கவுன்சில் தனியாக ஒரு ரசீது அனுப்பியிருக்கிறது, நான் போட்ட கையெழுத்துக்கு. கொட்டிலில் வைத்துப் பிரித்திருக்கிறார். ஆறு வருடம் நான் வேலி கட்டினேன். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு நாய்க்குக்கூடத் தெரியாமல் காத்தேன். அவர் முப்பத்தொரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"என் பேரு அது" என்றார். பிறகு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்னொன்று. எல்வினுக்கு நிறுத்தற்குறி தெரியாது. எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே ஒரு புள்ளி வைப்பார். இந்தக் கடிதத்தில் காற்புள்ளிகூட இடம் மாறாமல் இருக்கிறது. யாரோ திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். டிலிஸ்தான். அவளை என்ன செய்கிறேன் பார்.

ஹெஸ்டர்


ஓர்க்னி
29 மார்ச்

ஹெஸ்டர்,

டிலிஸை விடு. காற்புள்ளிகள் என்னுடையவை.

பதினேழாம் தேதி எல்வின் போன் செய்தார். நமக்குள் போன் கிடையாது என்ற ஒப்பந்தம் அவருக்கு இல்லையே. "ஒரு லெட்டர் எழுதியிருக்கேன் ஜுடித், படிக்கறேன், கேளுங்க. தப்பிருந்தா சொல்லுங்க. ஹெஸ்டர்கிட்ட கேட்டா என்னையே திருத்திருவா" என்றார். படித்தார். இரண்டாவது தடவை படிக்கச் சொன்னேன், ஏனென்றால் முதல் தடவை எனக்குக் காது கேட்கவில்லை. ஒரு வார்த்தையைக்கூட நான் மாற்றவில்லை. புள்ளிகள் எங்கே என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். கோபப்படு. நானும் படுகிறேன்.

ஏழு பாட்டில், ஹெஸ்டர். ஒவ்வொரு வருடமும் கடையில் நின்று, எது அவருக்குப் பிடிக்கும் என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன். குடியை விட்ட மனிதனின் வீட்டுக்கு, வருடம் தவறாமல், என் கையால், வாழ்த்து அட்டையோடு. நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். "சீஸ் அனுப்பு" என்று எழுதியிருந்தால்கூடப் போதும். ஆனால் என்னிடம் தோற்கக் கூடாது என்பதற்காக, என்னை அதைச் செய்யவிட்டாய். நன்றி அட்டை வேறு. "மென்மையான புகைவாசம்" என்று 2014இல் எழுதியிருந்தாய். அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

திருப்திதானா என்று கேட்கிறாய். அந்தக் கல்யாண வாரத்தில் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நீ அதை வைத்து எனக்கு வாசலை அடைத்திருக்கிறாய்.

விசாரணைக்குப் போனால் தொண்டையைக் கவனித்துக்கொள். கோபத்தில் உனக்குக் குரல் கட்டிக்கொள்ளும்.

ஜுடித்


பிரைண்டூ
5 ஏப்ரல்

ஜுடித்,

உனக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஆட்சேபணைக்காரியாக முன்வரிசையில் உட்கார்ந்தேன். மூன்று கவுன்சிலர்கள், ஒரு வக்கீல், ஒரு ஜாடித் தண்ணீர். டிலிஸ் தேவாலயக் கோட்டு போட்டிருந்தாள். லேசி வேடிக்கை பார்க்க வந்திருந்தார். கடைசி வரிசையில் எல்வின், சாவு வீட்டுக்குப் போடும் சூட்டில். வருகிறேன் என்று என்னிடம் சொல்லவில்லை.

தலைவி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "மிஸ்டர் ப்ரீஸ் பேரை நீக்கியாச்சு. மிஸஸ் ப்ரீஸ், நீங்க தொடர்றீங்களா, விட்டுடறீங்களா?" என்றாள்.

அறையில் எல்லாரும் இருபதாம் பக்கத்தைப் படித்தவர்கள். யாரும் என் கண்ணைப் பார்க்காததே அதைச் சொல்லியது. விட்டுவிட்டால் எல்வின் சொன்னது சரி என்று ஆகிவிடும். தொடர்ந்தேன். இரண்டு பக்கத்தையும், கூகையையும் சேர்த்து, ஒரு வரி விடாமல் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க கவலை புரியுது மிஸஸ் ப்ரீஸ்" என்றாள் தலைவி, ரொம்ப மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோல. "ஆனா கூகை நாலு காரணத்துல வராது. மத்ததும் வராது." அந்த "மத்தது" என் கணவர்.

லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். பதினொரு மணி, கதவு மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பும்போது ஓடைப் பாலத்தில் எல்வின் வண்டியை நிறுத்தினார். கவிழ்ந்த அதே இடம்.

"பாட்டில் எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார்.

"எந்தப் பாட்டில்?"

"ஜுடித் அனுப்பறது. பால் ரூம் தொட்டியில ஊத்துவ. பத்து நிமிஷம் தண்ணி விடுவ. அந்த சாக்கடை எங்க போய் வெளிய வருது ஹெஸ்டர்? ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால. வருஷா வருஷம் அந்த வாசனை வரும்போது நான் அங்கதான் நிக்கறேன்."

"ஏன் சொல்லல?"

"உனக்கு அது வேணும்னு நெனச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகல. ஏழு தடவையும் நின்னேன், ஏழு தடவையும் உள்ள வந்து டீ குடிச்சேன். நீ அதை எண்ணவே இல்ல. நீ ஊத்தினத மட்டும்தான் எண்ணின."

பிறகு கியரைப் போட்டார். அவரிடம் எனக்கு வந்த கோபத்தை எதில் எழுதுவது என்று தெரியவில்லை. உனக்கு எழுதுகிறேன், வேறு யாரும் இல்லாததால்.

ஹெஸ்டர்


ஓர்க்னி
20 மே

ஹெஸ்டர்,

ஆறு வாரம் ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிறாய் என்று எல்வின் போனில் சொன்னார். ஆட்டைப் பற்றி இருபது நிமிடம், உன்னைப் பற்றி ஒரு வரி: "அடுப்பத் தேய்ச்சுக்கிட்டே இருக்கா."

தேய்த்துத் தேய்த்து ஓட்டை விழுந்ததும் எழுது. நான் எங்கும் போகவில்லை.

ஜுடித்


பிரைண்டூ
24 ஜூன் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனாயா, இல்லை களிம்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா? என் தோள் உண்மையிலேயே வலிக்கிறது. முன்பெல்லாம் பரவாயில்லை என்று எழுதியதும் பொய்தான்.

கோபம் போகவில்லை. பாதி உன்மேல், கால்வாசி டிலிஸ்மேல், மிச்சம் யார்மேல் என்று தெரியவில்லை. கூகைகள் மூன்று குஞ்சு பொரித்திருக்கின்றன, அந்தக் கொட்டகையிலேயே, அந்தச் சத்தத்துக்கு மேலேயே. அதற்கும் எனக்குக் கோபம்.

போன சனிக்கிழமை முதல் கல்யாணம். சந்து குறுகல் என்பதால் எங்கள் ஓடை வயலில் கார்களை நிறுத்த டிலிஸ் கேட்டிருந்தாள். கார்களை வழிகாட்டி நிறுத்த எல்வினையும் கேட்டிருந்தாள்.

"நான் போறேன்" என்றார் காலையில்.

"என்னைக் கேக்கறீங்களா?"

"இல்ல. சொல்றேன்."

டிலிஸ் கூசாமல் எப்படிக் கேட்டாள் என்று வேலியோரம் அவளிடமே கேட்டுவிட்டேன். "நீ ஆறு வருஷமாப் பாத்துக்கிட்ட. ஒரு சாயங்காலம் அவரே அவரப் பாத்துக்கட்டும்டி. கார் நிறுத்தறவனுக்கு பார்ல வேலை இல்ல, வயல்ல நாத்தம் புடிச்ச பூட்ஸோட நிக்கறவன யாரும் உள்ள விடவும் மாட்டாங்க" என்றாள். பிறகு, "என்கிட்ட சொல்லியிருக்கலாம் நீ. முதல் கிளாஸ் ஊத்தறேன்னு சொன்னேனே உன்கிட்ட. அதை நெனச்சா எனக்கு இன்னும் வெக்கமா இருக்கு" என்றாள். அவளுக்கும் என்மேல் கோபம். வரிசையில் நில்லுங்கள் எல்லாரும்.

நான்கு மணியிலிருந்து சமையலறையில் இருந்தேன். ஜன்னல் கண்ணாடி டிரம்முக்கு அதிர்ந்துகொண்டே இருந்தது. அடுப்பில் தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை. ஒன்பதரைக்கும் வெளிச்சம் போகவில்லை. அவருடைய பூட்ஸ் சத்தம் முற்றத்தில் கேட்டது. என் கால் தானாக எழுந்தது, வாசலுக்கு, அந்த முத்தத்துக்கு. அதைப் பற்றி உனக்கு நான் எழுதியதில்லை, இல்லை, எழுதினேன், அனுப்பவில்லை. அந்தத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். படி.

போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

அவர் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றினார். கால்மிதியில் நின்றார். காத்திருந்தார்.

"என்ன, இன்னைக்குச் சோதனை இல்லையா?"

அப்படியானால் அதுவும் தெரியும்.

"இல்ல" என்றேன்.

"எலுமிச்சைத் தண்ணி குடுத்தாங்க."

"நான் கேக்கல."

"கேக்கலேன்னுதான் சொல்றேன்."

பிறகு காலுறையோடு நடந்து வந்து, குனிந்து, கன்னத்தைக் காட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முத்தமிட்டேன்.

அக்கா, டிசம்பரில் வா. கூரை ஒழுகத்தான் செய்கிறது, உன் பழைய அறையில், கட்டிலின் கால்மாட்டில். வாளி வைத்துக்கொள்ளலாம். சண்டை போட நேரில் வந்தால் யாரும் போனை வைத்துவிட்டுப் போக முடியாது.

பாட்டில் வேண்டாம்.

ஹெஸ்டர்

ஜுடித் கட்டாயம் வாங்க சீஸ் கொண்டு வாங்க குட்டி எல்லாம் நல்லா இருக்கு ஹெஸ்டர் இதைப் படிச்சுட்டு புள்ளி வைக்கறேன்னா வேண்டாம்னுட்டேன் இது நானே போட்ட கையெழுத்து
எல்வின்